ஒரே செப்புக் காசு, இரண்டு கிரேடு: ஈஏசி கணக்கா, ஸ்லாப் கணக்கா?

1794ஆம் ஆண்டு அமெரிக்க லார்ஜ் சென்ட் (பழைய, பெரிய செப்பு ஒரு சென்ட் காசு) ஒன்றை எடுத்துக்கொள்வோம். காசில் உள்ள லிபர்ட்டி என்ற பெண்ணுருவின் கூந்தல் இழைகள் நன்றாகத் தெரிகின்றன, எழுத்துகள் முழுசாக இருக்கின்றன. ஆனால் எங்கோ ஈர மண்ணில் கிடந்ததால் மேற்பரப்பு முழுக்க நுண்ணிய குழிகள். இதை, காசுகளுக்குக் கிரேடு (தரம்) போடும் பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி நிறுவனத்துக்கு அனுப்பினால் 'எக்ஸ்எஃப் டீட்டெய்ல்ஸ்' (தேய்மானம் குறைவு, ஆனால் மேற்பரப்பில் குறை) என்ற சீட்டோடு ஸ்லாப் எனும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைபட்டுத் திரும்பி வரும். பழைய அமெரிக்கச் செப்புக் காசு சேர்ப்பவர்களின் சங்கமான எர்லி அமெரிக்கன் காப்பர்ஸ், அதாவது ஈஏசியின் உறுப்பினர் ஒருவரிடம் காட்டினால், "ஷார்ப்னஸ் 40, நெட் 15" என்பார். எதை நம்பிப் பணம் கொடுப்பது?

பழைய செம்பைப் பொறுத்தவரை நான் ஈஏசி பக்கம். அதே நேரம், ஸ்லாப் இல்லாமல் தொடவே கூடாத காசுகளும் சில உண்டு.

இந்தச் சண்டையின் வேர் 70 என்ற எண்ணில் இருக்கிறது. வில்லியம் ஷெல்டன் என்ற உளவியலாளர் 1949இல் வெளியிட்ட புத்தகத்தில், 1793 முதல் 1814 வரையிலான சென்ட்களை அச்சு வகை (எந்த ஜோடி அச்சில் அடித்தது என்பது) வாரியாகப் பிரித்து எண் கொடுத்தார். 'எஸ்-1', 'எஸ்-48' என்று இன்றும் சொல்வது அந்த எண்களைத்தான். கூடவே 1 முதல் 70 வரை ஓர் அளவுகோலும் கொடுத்தார். ஒவ்வொரு வகைக்கும் ஓர் அடிப்படை விலை. அதைக் கிரேடு எண்ணால் பெருக்கினால் காசின் விலை. அடையாளம் மட்டும் தெரியும் அளவுக்குத் தேய்ந்த காசு 1 என்றால், குறையே இல்லாத காசு 70 மடங்கு பெறும். ஆக, அந்த எண் பிறந்தபோதே விலை சொல்லத்தான் பிறந்தது. உயர்தரக் காசுகளின் விலை எங்கோ போய்விட்டதால் பெருக்கல் கணக்கு சீக்கிரமே உடைந்தது. எண் மட்டும் தங்கிவிட்டது.

1967இல் தொடங்கிய ஈஏசி அந்தப் பழைய நோக்கத்தை விடவில்லை. முதலில் தேய்மானத்தை மட்டும் பார்த்து ஷார்ப்னஸ் எண் போடுவார்கள். அப்புறம் குழி, கீறல், விளிம்பு அடி, துலக்கிய தடம், பிறகு ஏற்றிய நிறம் என்று ஒவ்வொன்றுக்கும் கழித்துக்கொண்டே வருவார்கள். மிஞ்சுவது நெட். மேலே சொன்ன காசு, குறையில்லாத 15 கிரேடு காசின் விலைக்குத்தான் போகும் என்பதே அதன் பொருள். மேற்பரப்புக்குத் தனியாக சாய்ஸ், ஆவரேஜ், ஸ்கட்ஸி என்று மூன்று தரமும் உண்டு. ஸ்கட்ஸி என்றால் பார்க்கவே சகிக்காத காசு.

ஸ்லாப் நிறுவனங்கள் 1986, 1987 வாக்கில் வந்தபோது அதே 70ஐ எடுத்துக்கொண்டன. அவர்களிடம் சிறு குறைகள் எண்ணுக்குள்ளேயே கரைந்துவிடும். பெரிய குறை என்றால் எண்ணே கிடையாது, 'டீட்டெய்ல்ஸ்' மட்டும்தான். லேசாகச் சொரசொரத்த காசும் அரித்துப்போன காசும் ஒரே சீட்டோடு வரும். இரண்டுக்கும் விலை வித்தியாசம் பல மடங்கு இருக்கலாம். சீட்டில் அது தெரியாது. எண் கிடைத்தாலும் பொதுவாக ஒரு படி தாராளம்தான். ஸ்லாபில் விஎஃப் 30 (விஎஃப் என்பது எக்ஸ்எஃபுக்கு அடுத்த கீழ்த்தரம்) என்று இருப்பதை ஈஏசி ஆட்கள் 20 என்று மதிப்பிடுவது வழக்கமான காட்சி.

செம்பு மென்மையானது, காற்றோடும் ஈரத்தோடும் ஓயாமல் வினைபுரிவது. களிம்பு பிடிக்கும், கறுக்கும். யாரோ ஒரு காலத்தில் துலக்கியிருந்தால், புளி போட்டுத் தேய்த்த செப்புக் குடம் மாதிரி இயல்பில்லாத ஒரு சிவப்பு வரும். பிறகு அதை மறைக்க ரசாயனத்தால் பழுப்பு ஏற்றுவார்கள். இதையெல்லாம் கண்டுபிடிக்கக் காசைச் சாய்த்து, திருப்பி, விளக்கு வெளிச்சத்தில் உருட்டிப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக்குக்கு வெளியிலிருந்து பாதிதான் தெரியும். உள்ளே பச்சைப் புள்ளி வளர ஆரம்பித்தாலும் உடைக்காமல் ஒன்றும் செய்ய முடியாது.

விளிம்பு விஷயத்தில் ஸ்லாபின் குறை இன்னும் பெரிது. 1795 இறுதியில் சென்ட்டின் எடை 13.48 கிராமிலிருந்து 10.89 கிராமாகக் குறைக்கப்பட்டது. காசு மெலிந்ததால் விளிம்பு எழுத்துகளும் போயின. எஸ்-76ஏ, எஸ்-76பி இரண்டும் ஒரே ஜோடி அச்சில் அடித்தவைதான். எழுத்து விளிம்போடு இருப்பது அரிது, வெறும் விளிம்பு சாதாரணம். எஸ்-79 என்ற, விளிம்பில் குறுக்குக் கோடுகள் உள்ள காசோ உலகத்திலேயே பத்துக்கும் குறைவு. விளிம்பை மூடிவிடும் பெட்டிக்குள் இருந்தால் சீட்டை நம்புவதைத் தவிர வழியில்லை. எடை போட்டுப் பார்க்கவும் முடியாது.

சரி, ஸ்லாப் எங்கே ஜெயிக்கிறது? 1799இல். லார்ஜ் சென்ட்களிலேயே கிடைக்க அரிய ஆண்டு அது. 1798 காசின் கடைசி எட்டைச் செதுக்கி ஒன்பதாக்குவது பழைய வித்தை. அசல் 1799 காசுகள் பெரும்பாலும் கறுத்து, தேய்ந்து, மோசமான செம்பில் அடித்தவையாகவே வரும் என்பதால் ஏமாற்றுவது சுலபம். எஸ்-188, எஸ்-189 ஆகியவற்றின் அச்சு அடையாளங்கள் மனப்பாடமாகத் தெரியாதவர் இதை ஸ்லாப் இல்லாமல் தனிக்காசாக வாங்கவே வேண்டாம். 1793இன் செயின் சென்ட்டும் அப்படித்தான். மொத்தமே 36,103தான் அடித்தார்கள். எவ்வளவு தேய்ந்திருந்தாலும் விலை பெரிது, போலிகள் ஏராளம். இங்கே கிரேடு இரண்டாம்பட்சம், அசலா என்பதே கேள்வி. ஸ்லாபிலும் போலி உண்டு என்பதால், சீட்டு எண்ணை நிறுவனத்தின் தளத்தில் தேடி, அங்குள்ள படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

விற்கும்போதும் ஸ்லாப் சௌகரியம். நெட் எண்ணில் ஆளுக்கு ஆள் மாறும் தன்மை உண்டு. ஒருவர் 15 என்பதை அனுபவமுள்ள இன்னொருவர் 12 என்பார். வாங்குபவர் செம்புக்காரர் இல்லையென்றால் அந்த எண் அவருக்குப் புரியவே புரியாது.

1816க்குப் பிந்தைய, புழங்காத காசுகளுக்கும் நான் ஸ்லாபையே எடுப்பேன். அசல் சிவப்பு எவ்வளவு மிச்சம் என்பதில்தான் விலை நிற்கிறது. ஆர்டி (சிவப்பு), ஆர்பி (சிவப்பும் பழுப்பும்), பிஎன் (பழுப்பு) என்று அவர்கள் பிரிக்கும் முறை அங்கே பயன்படுகிறது. ராண்டல் புதையல் என்று பெயர்பெற்ற, மொத்தமாகக் கிடைத்த சென்ட் குவியலிலிருந்து வந்த 1818, 1820 சென்ட்கள் சிவப்பு மிச்சத்தோடு இன்னும் கிடைப்பதால், ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பொறுக்கவும் வழி இருக்கிறது.

1794 முதல் 1798 வரையிலான காசுகளை அச்சு வகை வாரியாகச் சேர்ப்பவருக்கு என் யோசனை வேறு. விற்பவரிடம் ஷார்ப்னஸ், நெட் இரண்டு எண்ணையும் கேளுங்கள். எதற்காக எவ்வளவு கழித்தார் என்றும் கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். சொரசொரத்த எக்ஸ்எஃப் டீட்டெய்ல்ஸும், வழுவழுப்பான சாக்லேட் பழுப்பில் தேய்ந்த விஎஃப் 20 ஒன்றும் ஒரே விலைக்கு வந்தால், நான் யோசிக்காமல் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.