ஊர்ப்பெயர் தெரிந்தவர்க்குத் திறக்கும் பதிவேடுகள்: லித்துவேனியாவின் ஈபாவெல்தாஸ்

லித்துவேனியாவிலிருந்து நான்கைந்து தலைமுறைகளுக்கு முன் புறப்பட்டுப்போன குடும்பத்தின் வேரைத் தேடுவோர், பெரும்பாலும் ஏதேனும் ஒரு கட்டணத் தளத்தில் குடும்பப்பெயரைத் தட்டிப் பார்ப்பதில்தான் தொடங்குகிறார்கள். அந்நாட்டின் மார்தினாஸ் மஜ்வீதாஸ் தேசிய நூலகம் நடத்தும் ஈபாவெல்தாஸ் தளத்தில் அந்தப் பழக்கம் செல்லாது. கத்தோலிக்கப் பங்குகளின், அதாவது ஒவ்வொரு தேவாலயத்துக்கும் உட்பட்ட வட்டாரங்களின், திருமுழுக்கு, திருமண, இறப்புப் பதிவேடுகள் பக்கம் பக்கமாகப் படமெடுக்கப்பட்டு, எவரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி அங்கே வைக்கப்பட்டுள்ளன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றைப் பெயர் கொடுத்துத் தேட முடியாது. பங்கின் பெயரும் ஏறத்தாழ ஆண்டும் தெரிந்தால், உரிய ஏட்டைத் திறந்து புரட்ட வேண்டியதுதான்.

எனக்கு இது பெருங்குறையாகப் படவில்லை. லித்துவேனியப் பெயர் ஓரிடத்தில் நிற்பதில்லை. தந்தை கஸ்லவ்ஸ்கஸ் என்றால் மனைவி கஸ்லவ்ஸ்கியேனே, மணமாகாத மகள் கஸ்லவ்ஸ்கைதே. விகுதியிலேயே உறவு தெரிந்துவிடும். பதிவேட்டிலோ அதே மனிதர் போலந்து வடிவில் கொஸ்லோவ்ஸ்கி ஆகிவிடுகிறார். பழைய ஏடுகள் லத்தீனிலும் போலந்து மொழியிலும், 1840களின் இறுதியிலிருந்து கவுனாஸ், வில்னியுஸ் பகுதி ஏடுகள் ரஷ்ய மொழியிலும், 1918க்குப் பிறகு பெரும்பாலும் லித்துவேனிய மொழியிலும் எழுதப்பட்டவை. ஊர்ப்பெயர்களுக்கும் இதே கதிதான்: கவுனாஸ் நகரமே கோவ்னோ என்றும் வரும். இத்தனை வடிவங்களுக்கிடையே பெயர்த் தேடல் ஒன்றை மட்டும் நம்பினால் பாதிக் குடும்பம் விடுபட்டுப் போகும்.

பொறுமையாகப் புரட்டுபவருக்குக் கிடைக்கும் பலன் பெரிது. திருமணத்துக்கு முன் கோயிலில் மூன்று ஓலைகளும் (திருமண அறிவிப்புகள்) வாசிக்கப்பட்ட செய்தி, மணமக்களின் வயது, அவர்கள் வாழ்ந்த சிற்றூர், பெற்றோர் பெயர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், சாட்சிகள் என்று ஒரே திருமணப் பதிவு ஒரு தலைமுறையை மேலே ஏற்றிவிடுகிறது. திருமுழுக்குப் பதிவில் வரும் ஞானப்பெற்றோர் பெயர்களையும் குறித்துக்கொள்வது நல்லது. பெரும்பாலும் அவர்கள் உறவினர்களாகவோ பக்கத்து வீட்டாராகவோ இருப்பார்கள். ரஷ்யப் பேரரசு ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியதால், 19ஆம் நூற்றாண்டுத் தேதிகள் நம் நாட்காட்டிக்குப் பன்னிரண்டு நாள் பின்தங்கியிருக்கும்.

தளத்தால் உதவ முடியாத இடம் தொடக்கப் புள்ளிதான். பங்கின் பெயரைப் புலம்பெயர்ந்த நாட்டில்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1861இல் பண்ணையடிமை முறை ஒழிந்தபின், 1867–68ஆம் ஆண்டுகளின் பஞ்சமும் ஜார் படையின் கட்டாயச் சேவையும் துரத்த, பலர் கடவுச்சீட்டின்றிப் பிரஷ்ய எல்லையைக் கடந்து, ஹம்பர்க், பிரேமன் துறைமுகங்களில் கப்பலேறி, பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் சிகாகோவின் இறைச்சிக் கூடங்களுக்கும் போனார்கள். மறைவாகப் போனவர்களுக்குப் புறப்பட்ட ஊரில் வெளியேறிய பதிவு இராது. அமெரிக்கக் கப்பல் பட்டியல்களிலோ நாடு என்ற இடத்தில் ரஷ்யா என்றிருக்கும். லித்துவேனியர் என்ற தனி இனப்பிரிவு 1899இல்தான் சேர்க்கப்பட்டது. 1907க்குப் பிந்தைய பட்டியல் கிடைத்தால் அது பேரதிர்ஷ்டம், ஏனெனில் பிறந்த ஊரும் ஊரில் விட்டுவந்த நெருங்கிய உறவினர் பெயரும் அதில் கேட்கப்பட்டன. அதற்கு முன் போனவர்களுக்குக் குடியுரிமை மனு, அங்கிருந்த லித்துவேனியப் பங்கின் திருமண ஏடு, கல்லறைக் கல் ஆகியவற்றையே துழாவ வேண்டும். ஒரே பெயரில் பல சிற்றூர்கள் இருப்பதால், கிடைத்த ஊர் எந்தப் பங்கைச் சேர்ந்தது என்று உறுதி செய்யாமல் ஏட்டைத் திறப்பது வீண்வேலை.

லித்துவேனியாவின் தென்மேற்கிலுள்ள சுவால்கியா பகுதியினருக்கு வழி சற்று வேறு. அதன் ஒரு பகுதி இன்று போலந்தில் இருப்பதால், அந்த ஊர்களுக்குப் போலந்தின் கெனெதெகா தளத்தை முதலில் பார்க்கலாம். அங்கே தன்னார்வலர்கள் தொகுத்த பெயரடைவு உண்டு. பழைய கையெழுத்தைப் படிக்க முடியாதவர்கள் வில்னியுஸிலுள்ள லித்துவேனிய அரசு வரலாற்று ஆவணக் காப்பகத்துக்குக் கட்டணம் செலுத்தித் தேடச் சொல்லலாம். அங்கும் முதலில் கேட்கப்படுவது பங்கின் பெயர்தான்.