ஃபியூஸ் போகாமல் பெட்டி மட்டும் உருகியிருந்தால் உஷார்

காரில் ஃபியூஸ் பாக்ஸ் உருகிவிட்டது என்று ஒருவரிடம் கொண்டுபோய் விட்டு, முழு வயரிங்குக்கும் பணம் கொடுத்து, மூன்றாவது மாதமே அதே இடம் மறுபடி உருகி நடுரோட்டில் நின்றேன். இன்னொருவர் இதே மாதிரி ஏமாறக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் அறிகுறியைக் கோட்டை விட்டது நான்தான். சிக்னலில் நின்றால் ஏசி காற்று சூடாகும், வண்டி நகர்ந்தால் சில்லென்று ஆகிவிடும். கேஸ் குறைந்திருக்கும் என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். ஒருநாள் பிளாஸ்டிக் கருகும் வாடை, டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது. பானட்டைத் திறந்து ஃபியூஸ் பாக்ஸ் மூடியை எடுத்தால், ரேடியேட்டர் ஃபேனுக்கான பச்சை நிற 30 ஆம்பியர் ஃபியூஸ் ஒரு பக்கம் சாய்ந்து பாதி புதைந்து கிடக்கிறது. பிடுங்கிப் பார்த்தேன். ஒரு கால் பளபளவென்று இருந்தது, இன்னொரு கால் நீலமும் கறுப்புமாக வெந்திருந்தது. ஆனால் நடுவில் இருக்கும் கம்பி அறுபடவே இல்லை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், விஷயமே இங்கேதான் இருக்கிறது.

நான் போன இடத்தில் அரை நிமிடம் எட்டிப் பார்த்தார்கள். மீட்டரைக் கையில்கூட எடுக்கவில்லை. "மெயின் ஷார்ட் சார், ஹார்னஸ் முழுக்கப் போயிடுச்சு, இப்படியே ஓட்டினா வண்டி பத்திக்கும்" என்றார் அங்கிருந்தவர். ஹார்னஸ் என்றால் வண்டிக்குள் ஓடும் வயர்களின் மொத்தக் கட்டு. பத்திக்கும் என்று சொன்னால் யார்தான் பயப்பட மாட்டார்கள்? சரி என்று தலையாட்டிவிட்டேன். நான்கு நாள் கழித்து வண்டி வந்தது, பில்லில் ஃபியூஸ் பாக்ஸ், ஹார்னஸ், லேபர் என்று வரிசையாக இருந்தது. பழைய சாமானைக் கேட்டேன், ஸ்க்ராப்பில் போட்டாச்சு என்றார்கள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது தடவை உருகியபோது வேறொரு எலக்ட்ரீஷியன் பார்த்தார். வயதானவர், பேச்சு குறைவு. ஃபியூஸைப் பார்த்ததும் சிரித்தார், ஏனென்றால் இப்போது அங்கே இருந்தது ஆரஞ்சு நிற 40 ஆம்பியர். 30 இருக்க வேண்டிய இடத்தில் 40 போட்டுவிட்டால், ஏதாவது கோளாறு என்றால் ஃபியூஸுக்கு முன்னால் வயர் வேக ஆரம்பித்துவிடும். அப்புறம் ஃபேனை ஓடவிட்டு, வயரைக் கவ்வி கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டினார்: 26 ஆம்பியர், இறங்கவே இல்லை. ஃபேனை நிறுத்தி இறக்கையைக் கையால் சுற்றச் சொன்னார். தானாகச் சுற்றி ஓய வேண்டியது, விட்ட இடத்திலேயே நின்றது. மோட்டார் பேரிங் இறுகிப்போய் கரண்டை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அடுத்து ஃபேன் ஓடும்போதே ஃபியூஸ் தலையில் தெரியும் சின்ன உலோகப் புள்ளிக்கும் பெட்டிக்குக் கீழே போகும் வயருக்கும் இடையில் மல்டிமீட்டரை வைத்தார். 0.9 வோல்ட். ஒழுங்கான இணைப்பில் இது கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்க வேண்டும். 26 ஆம்பியரும் 0.9 வோல்ட்டும் சேர்ந்தால் 23 வாட்டுக்கு மேல், அதாவது ஒரு சின்ன சால்டரிங் அயர்னை அந்தக் குழிக்குள் சொருகி வைத்த மாதிரி. பிளாஸ்டிக் உருகாமல் என்ன செய்யும்? ஆனால் ஃபியூஸைப் பொறுத்தவரை ஓடுவது 26 ஆம்பியர்தான், அதனால் அது பாட்டுக்குச் சும்மா இருக்கும். நேரடி ஷார்ட் என்றால் கண் சிமிட்டும் நேரத்தில் அறுந்திருக்கும். ஃபியூஸ் முழுசாக இருந்து பெட்டி உருகினால் பெரும்பாலும் டெர்மினல், அதாவது ஃபியூஸ் கால் சொருகும் உலோகப் பிடி, லூஸ், இல்லையென்றால் துரு, கூடவே அதிகம் இழுக்கும் மோட்டார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு வயிறு எரிந்தது. பிளேடால் ஹார்னஸின் புது டேப்பைக் கீறினார், அடியில் வெளுத்துப்போன பழைய டேப் அப்படியே உரிந்து வந்தது. மாற்றவே இல்லை! பெட்டியின் பிளாஸ்டிக் மட்டும்தான் புதிது, அதற்குள் வெந்துபோன பழைய டெர்மினலையே திரும்பச் சொருகியிருக்கிறார்கள். அதில் சேர்ந்த வயரின் இன்சுலேஷன் குச்சி மாதிரி விறைத்து, வளைத்தால் உடைந்தது.

அவர் முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றினார். கறுத்த செம்பைப் பளிச்சென்று தெரியும் வரை, சுமார் ஒரு சாண், வெட்டி எறிந்தார். அதே தடிமனில் புது வயர், அழுத்திக் கிரிம்ப் செய்த புது டெர்மினல், புது ஃபேன் மோட்டார், மறுபடி 30 ஆம்பியர் ஃபியூஸ். அரை நாள் வேலை. கடைசியில் அளந்தபோது ஃபேன் 14 ஆம்பியர்தான் எடுத்தது, அந்த 0.9 வோல்ட் 0.05 ஆகியிருந்தது.

உங்கள் வண்டியில் இப்படி நடந்தால் "எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, அளந்து காட்டுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். மழுப்பினால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். கழற்றிய சாமானைக் கையில் தரச் சொல்லி வேலை ஆரம்பிக்கும் முன்பே பேசிவிடுங்கள்.

முதல் ஆளுக்கு அந்த இரட்டை டேப்பைப் படம் எடுத்து அனுப்பினேன். "நாங்க குடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு" என்று ஒரே வரி வந்தது, அதற்கப்புறம் போன் எடுப்பதில்லை. நான் இப்போதும் ஏசி போட்டு ஓட்டிவிட்டு வந்தால் மூடியைத் திறந்து அந்தப் பச்சை ஃபியூஸின் தலையில் விரலை வைத்துப் பார்க்கிறேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.