85 டெஸ்ட் பேக்கேஜ்: இரண்டு ஸ்டார், அதுவும் ரத்தம் எடுக்க வந்த தம்பிக்காக

போன மாதம் நானும் மனைவியும் எடுத்துக்கொண்ட முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் பற்றியது இது. லேப் பெயர் வேண்டாம். ஆளுக்கு 1,499 ரூபாய், "85 டெஸ்ட்". பக்கத்து வீட்டில் எடுத்தார்கள், நமக்கும் நாற்பது தாண்டிவிட்டதே என்று நானும் புக் பண்ணிவிட்டேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலை 6.30 என்றால் 6.25-க்குத் தம்பி வாசலில் நிற்கிறார். மனைவிக்கு நரம்பு கிடைப்பதே கஷ்டம், அவருக்கும் ஒரே குத்தில் எடுத்துவிட்டார். மாலைக்குள் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது.

அந்த 85 எப்படி வருகிறது என்று உட்கார்ந்து எண்ணினேன். ரத்த அணுக்களை எண்ணும் சிபிசி என்ற ஒரே சோதனையே இருபது வரிக்கு மேல் போகிறது. ஈரல் வெளியேற்றும் மஞ்சள் நிறமிதான் பிலிரூபின்; மொத்த பிலிரூபினில் டைரக்ட் என்ற பகுதியைக் கழித்தால் மிச்சம் இன்டைரக்ட், அது ஒரு டெஸ்ட். ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பை ஐந்தால் வகுத்தால் விஎல்டிஎல் என்ற ஒரு வகை கொலஸ்ட்ரால், அது இன்னொரு டெஸ்ட். கால்குலேட்டர் போட்ட கணக்குக்கும் நம்மிடம்தான் காசு.

சரி, வியாபாரம், விட்டுவிடலாம். ஆனால் அந்தச் சிவப்பு எழுத்து இருக்கிறதே, அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. எனக்கு ஆறு இடத்தில் சிவப்பு, மனைவிக்கு ஐந்து. நார்மல் ரேஞ்ச் என்பது பொதுவாக ஆரோக்கியமானவர்களில் நடுவே விழும் 95 சதவீதம் பேரை வைத்துப் போடும் கோடு, அதாவது ஒரு குறையும் இல்லாதவர்களிலேயே நூற்றுக்கு ஐந்து பேர் கோட்டுக்கு வெளியேதான் இருப்பார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது டெஸ்ட் எடுத்தால், நன்றாக இருக்கும் ஆளுக்கே ஏதாவது ஒன்று சிவப்பில் வர 64 சதவீத வாய்ப்பு. இதை ரிப்போர்ட்டின் எந்தப் பக்கத்திலும் போடவில்லை, ஆனால் "ஆறு அப்நார்மல் இருக்கு சார்" என்று மறுநாள் காலையிலேயே போன் மட்டும் வந்துவிட்டது.

என் பிலிரூபின் கொஞ்சம் கூட. இரண்டு ராத்திரி கூகுளில் கல்லீரலைப் படித்தேன். எங்கள் குடும்ப டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "எவ்வளவு நேரம் சாப்பிடாம இருந்தீங்க?" என்றார். லேப்பில் பத்து மணி நேரம் சொன்னார்கள், நான் ஆர்வக்கோளாறில் பதினான்கு இருந்தேன். சிலருக்குப் பட்டினி கிடந்தாலே அது ஏறுமாம், மற்ற ஈரல் அளவெல்லாம் சரியாக இருப்பதால் பயமில்லை என்றார். அவ்வளவுதான் விஷயம்.

மனைவி கதை இப்படி முடியவில்லை. தைராய்டு சுரப்பியைத் தூண்டும் டிஎஸ்எச் ஹார்மோன் லேசாகக் கூடியிருந்தது. பேக்கேஜோடு வந்த "இலவச கன்சல்டேஷன்" டாக்டர் போனிலேயே கழுத்து ஸ்கேன் எழுதினார். ஸ்கேனில் தைராய்டில் 8 மில்லிமீட்டர் கட்டி, டைராட்ஸ் 3, அதாவது புற்றுநோய்ச் சந்தேகம் லேசானது என்ற தரம். அடுத்து கட்டியில் ஊசி போட்டு செல் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார்கள். குடும்ப டாக்டரிடம் ஓடினால் அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஊசி போட்டு ஏதோ ஒன்னு வந்தா என்ன பண்றதா இருக்கீங்க?" எங்களிடம் பதில் இல்லை. டைராட்ஸ் 3 என்றால் ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கீழே திரும்ப ஸ்கேன்கூட வேண்டாம் என்பதுதான் வழிமுறை, நடுவயதில் கழுத்தில் ஸ்கேன் வைத்துப் பார்த்தால் எத்தனையோ பேருக்கு இப்படி ஒன்று தெரியும் என்றார்.

தென் கொரியாவில் நடந்ததையும் அவர்தான் சொன்னார். 1999-ல் அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியபோது, மருத்துவமனைகள் கொஞ்சம் கூடுதல் காசுக்குத் தைராய்டு ஸ்கேனையும் சேர்த்து எடுத்தன. 2011-ல் தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும் விகிதம் 1993-ல் இருந்ததைப் போல 15 மடங்கு. இறப்பு விகிதமோ மாறவே இல்லை. தொந்தரவே தராமல் கிடந்திருக்கும் கட்டிக்காகச் சுரப்பியை எடுத்துவிட்டு வாழ்நாள் முழுக்க மாத்திரை, சிலருக்குக் கால்சியம் பிரச்சினை, சிலருக்குக் குரல் போனது. ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமல் விடுவதும் யோசித்து எடுக்கிற முடிவாக இருக்கலாம் என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. எங்கள் வீட்டில் "எதுவானாலும் முன்னாடியே தெரிஞ்சுக்கறது நல்லதுதானே" என்றுதான் பழக்கம். தெரிந்த பிறகு மறக்க முடியாதே! மனைவி இப்போதும் கண்ணாடி முன் நின்றால் கழுத்தைத் தடவிப் பார்க்கிறார்.

உடம்பில் ஏதாவது தொந்தரவு இருந்தால் இதெல்லாம் பொருந்தாது, உடனே டாக்டரிடம் போங்கள். சும்மா இருக்கிற ஆளுக்கு எங்கள் டாக்டர் சொன்னது பிபி, சுகர், கொலஸ்ட்ரால், சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின். இவற்றில் கூடினால் என்ன செய்வதென்று தெரியும், செய்தால் பலனும் உண்டு. பெண்களுக்கு வயதைப் பொறுத்துக் கர்ப்பப்பை வாய், மார்பகப் பரிசோதனை தனி.

நேற்று லேப்பிலிருந்து போன். அப்பாவுக்கும் எடுத்துவிடலாம், கேன்சர் மார்க்கர் என்ற ரத்த டெஸ்ட் இலவசமாம். சுகர், கொலஸ்ட்ரால், கிரியேட்டினின் மட்டும் போதும் என்றேன். "சார், தனித்தனியா எடுத்தா 1,330 வருது, இன்னும் 169 ரூபா போட்டா எல்லாமே வந்துடும்."

"அதனாலதாம்மா வேண்டாம்" என்றேன். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை, மேனேஜரிடம் கொடுத்தார்.