சிம்மக்கல் பிரிண்ட் கடையில் கடல் அடித்த கதை

மதுரையில் உட்கார்ந்து கடலைப் படிக்கிறேன் என்றால் வீட்டிலேயே சிரிப்பார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கேரளக் கரையை ஒட்டி வடக்கிலிருந்து தெற்காக வீசும் காற்று, பூமி சுழல்வதால், மேல்நீரை வலப்பக்கம், அதாவது ஆழ்கடல் பக்கம், தள்ளிவிடும். அந்த இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த நீர் சத்தோடு ஏறும். மிதவைப் பாசி பெருகும், மத்தி மீனுக்குக் கொண்டாட்டம். இதைக் காட்ட ஏ1 அளவில் மூன்று செயற்கைக்கோள் படங்கள் தேவைப்பட்டன: காற்று, வெப்பம், பச்சையம்.

சிம்மக்கல் பக்கம் சந்துக்குள் ஒரு கடை. காற்றுப் படத்தில் எறும்பு அளவு அம்புகள்கூட மழுங்காமல் விழுந்திருந்தன. ஆனால் வெப்பப் படத்தில்தான் சொதப்பல். "தம்பி, அங்கங்க வெள்ளையா விட்டுப்போயிருந்துச்சு, நானே நீலம் ஊத்திட்டேன்" என்றார் கடைக்கார அண்ணன், பெருமையாக. என் படத்தில் நீலம் என்றால் குளிர்ந்த நீர்! கொச்சிக்கு எதிரே இல்லாத குளிரை ஒரே நிமிடத்தில் கிளப்பிவிட்டார்.

அந்த வெள்ளை, மழைமேகம். அகச்சிவப்புக் கருவி மேகத்தைத் தாண்டிப் பார்க்காது. நுண்ணலைக் கருவி பார்க்கும், ஆனால் படம் சொரசொரப்பாக இருக்கும், கரையோரத்தைக் காட்டவே காட்டாது. நமக்கு வேண்டியதோ கரையோரம்தான்.

சொன்னதும் புரிந்துகொண்டார். காசு வாங்காமல் மறுபடி அடித்து, டீயும் வாங்கிக் கொடுத்தார். தாராளமாகப் போகலாம். ஃபைலைப் பிடிஎஃப்பாகக் கொடுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். வண்டி நிறுத்தத்தான் இடமில்லை.