கிளாக் 19 ஐந்தாம் தலைமுறை: கைக்கு அமைந்தால்தான் குறி அமையும்

தற்காப்புக்குக் கச்சிதமான 9 எம்எம் பிஸ்டல் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, எது குறி தவறாமல் சுடும் என்பதைத்தான். இந்த அளவில் வரும் தரமான பிஸ்டல் எதை எடுத்தாலும், மணிக்கட்டை மணல் மூட்டைமேல் தாங்கி, 20 மீட்டருக்கும் சற்று மேலான தூரத்தில் 5 தோட்டா சுட்டால், பெரும்பாலும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கிவிடும். தாங்கல் இல்லாமல் சுடும்போது அந்த அடக்கம் போய்விடுகிறது. அப்போது குறியைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் பிடியும் ட்ரிகரும்தான். கிளாக் 19-ஐயும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

1988-இல் வந்த மாடல் இது. ஐந்தாம் தலைமுறை 2017-இல் வெளியானது. பேரல் (குழல்) நீளம் 102 மில்லிமீட்டர், மேகசினில் (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டி) 15 தோட்டா, காலி மேகசினோடு எடை சுமார் 670 கிராம். பழைய தலைமுறையில் பிடியின் முன்பக்கம் இருந்த விரல் பள்ளங்களை இதில் எடுத்துவிட்டார்கள். நல்ல முடிவு. விரல் தடிமன் ஆளுக்கு ஆள் மாறும். பள்ளத்துக்கு மேடான இடத்தில் விரல் விழுந்தால் பிடி ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி அமையும். பிடியின் பின்புறத்தில் மாட்டிக்கொள்ளக் கூடுதல் தகடுகளும் வருகின்றன. ஸ்லைடை (பிஸ்டலின் முன்பின் நகரும் மேல்பகுதி) பின்னாலேயே நிறுத்தி வைக்கும் ஸ்லைடு ஸ்டாப் இரு பக்கமும் இருப்பதால் இடக்கைக்காரருக்கும் வசதி.

வாங்குமுன் பிடியைச் சோதிக்க ஒரு வழி உண்டு. மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, சேம்பர் (சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் அறை) காலி என்று கண்ணாலும் சுண்டுவிரலாலும் உறுதிசெய்யுங்கள். பாதுகாப்பான திசையில் கண்ணை மூடிக்கொண்டு உயர்த்திப் பிடித்து, பிறகு கண்ணைத் திறங்கள். குறிபார்க்க மேலே உள்ள இரண்டு சைட்டுகளில், முன் சைட் பின் சைட்டின் பள்ளத்தில் தானாக வந்து நிற்க வேண்டும். கிளாக்கின் பிடிச் சாய்வு அதிகம் என்பதால் சிலருக்கு முனை மேலே தூக்கி நிற்கும். பழகினால் சரியாகும், ஆனால் பழகும் பொறுமை இல்லாதவர்கள் வேறு மாடலைப் பார்ப்பதே நல்லது.

ட்ரிகர் அழுத்தம் சுமார் இரண்டரை கிலோ. எகிறாமல் சீராக இருக்கிறது, ஆனால் கூர்மை இல்லை. இதே பேரல் நீளமும் 15 தோட்டாவும் உள்ள சிஇசட் பி-10 சி, இன்னும் லேசாகவும் திட்டமாகவும் விடுபடுகிறது. ட்ரிகரை மட்டும் வைத்துத் தேர்ந்தால் அதற்கே எங்கள் ஓட்டு.

புதிதாக வாங்கிய வலக்கைக்காரரின் தோட்டாக்கள் கீழே இடப்பக்கம் விழுவது அடிக்கடி நடக்கும் கதை. உடனே சைட்டைத் திருப்பச் சொல்வார்கள், செய்யாதீர்கள். முதலில் தாங்கலில் வைத்து 10 மீட்டரில் 5 தோட்டா வீதம் மூன்று முறை சுடுங்கள். அப்போது நடுவில் விழுந்தால் பிஸ்டலில் குறையில்லை. வெடிப்பை எதிர்பார்த்துக் கை முன்கூட்டியே முனையைக் கீழே தள்ளுகிறது. மேகசினில் ஓரிரு டம்மி (வெடிக்காத) தோட்டாவை நண்பரை விட்டுக் கலந்து போடச் சொல்லுங்கள். டம்மி வரும்போது முனை குனிவதை நீங்களே பார்ப்பீர்கள். தாங்கலிலும் ஒரே பக்கம் போனால்தான் பின் சைட்டை நகர்த்த வேண்டும், தோட்டா எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமாக. முன், பின் சைட்டுகளுக்கு இடையே சுமார் 153 மில்லிமீட்டர்தான். ஆகவே 1 மில்லிமீட்டர் நகர்த்தினாலே 10 மீட்டரில் சுமார் 65 மில்லிமீட்டர் மாறும். கூடவே வரும் பிளாஸ்டிக் சைட்டுகள்தான் இந்த பிஸ்டலின் பலவீனமான உறுப்பு. இரும்பு சைட்டாக மாற்றிவிடுங்கள்.

மறைத்து வைக்கச் சிறியதாக வேண்டுமென்றால் 2018-இல் வந்த சிக் பி365 இருக்கிறது. பேரல் 79 மில்லிமீட்டர், 10 தோட்டா. இடுப்பில் இருப்பதே தெரியாது. ஆனால் சைட் இடைவெளியும் எடையும் குறைவு, உதைப்பு அதிகம், பயிற்சி சீக்கிரம் அலுத்துவிடும். கிளாக்கில் 200 தோட்டா சுடுகிறவர் அதில் 80-இல் நிறுத்திவிட்டால் குறி எப்படித் தேறும்?

உதைப்புத் தளர்ந்த மணிக்கட்டிலே போய் முடிந்தால் ஸ்லைடு முழுதாகப் பின்வாங்காது. காலித் தோட்டா வெளியேறும் வாயில் நிமிர்ந்து சிக்கும். இது பாலிமர் பிஸ்டல்களில் அதிகம் தெரியும். அதே பிஸ்டல் வேறொருவர் கையில் ஓடினால் பிடியைத் திருத்துங்கள். எல்லோர் கையிலும் சிக்கினால் மேகசினை மாற்றிப் பாருங்கள். மேகசின்களுக்கு எண் எழுதி வைத்தால் குற்றவாளி எளிதில் அகப்படும்.

பயிற்சிக்கு 115 கிரெய்ன் (பாய்ந்து செல்லும் குண்டின் எடை அளவு) தோட்டா போதும். தற்காப்புக்கு வைக்கப்போகும் தோட்டாவையும் குறைந்தது 50 சுட்டுப் பாருங்கள், ஏனென்றால் எடை மாறினால் விழும் இடமும் மாறும். அதன் முனையின் வடிவம் சேம்பருக்குள் ஏறாமல் தடுக்கலாம்.

ஓர் எச்சரிக்கை: கிளாக்கைப் பிரிக்க முதலில் ட்ரிகரை அழுத்த வேண்டும். சேம்பரில் தோட்டாவை மறந்தவர்கள் சுத்தம் செய்யும் மேசையிலேயே சுட்டிருக்கிறார்கள். மேகசினை முதலில் எடுங்கள், பிறகு ஸ்லைடை இழுங்கள். வரிசை மாறினால் மேகசினிலிருந்து புதிய தோட்டா ஏறிவிடும். பி365-இல் பிரிக்கத் தனி நெம்பு இருப்பதால் ட்ரிகரைத் தொடவே வேண்டாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பூட்டும் பெட்டியின் விலையையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். உறை வாங்கும்போது ட்ரிகர் காப்பு முழுவதும் மூடுகிற கெட்டியான உறையாகப் பாருங்கள். தளர்ந்த துணி உறை மடிந்து ட்ரிகருக்குள் புகுந்துவிடும். கிளாக்கில் கட்டைவிரலால் போடும் சேஃப்டி (சுடாமல் தடுக்கும் பூட்டு) கிடையாது.