268 கிலோவிலிருந்து 196 கிலோவுக்கு: நேட்டால் சாலைகளில் ஹிமாலயன் 450

பி.எம்.டபிள்யூ. ஆர் 1250 ஜி.எஸ். அட்வென்ச்சரைச் சில ஆண்டுகள் வைத்திருந்து, விற்றுவிட்டு, ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 வாங்கியிருக்கிறேன். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில், டர்பன், வெருலம், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பகுதிகளில் நெடுந்தூரம் பைக் ஓட்டும் நம்மவர்களில் ஐம்பதை எட்டியவர்கள் பலரும் இப்படியொரு மாற்றத்தைப் பற்றி யோசிக்கிறார்கள். ஆகவே புதிய வண்டியைத் தனியே நிறுத்தி மதிப்பிடாமல், பெரிய வண்டியை விட்டு வருபவரின் கையிலிருந்து போவது எது, கைக்கு வருவது எது என்ற கணக்கோடு இதை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: நேட்டாலின் உட்சாலைகளில் ஓட்டுபவருக்கு இந்த மாற்றம் லாபம், மாதம் தவறாமல் ஜோஹானஸ்பர்க் போய்வருபவருக்கு நஷ்டம்.

ஜி.எஸ். அட்வென்ச்சரில் இருப்பது 1254 சி.சி. பாக்ஸர் எஞ்சின், 136 குதிரைத்திறன், 143 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, 30 லிட்டர் டேங்க். டேங்க் நிரம்பிய நிலையில் எடை 268 கிலோ. ஹிமாலயனில் திரவத்தால் குளிரும் 452 சி.சி. ஒற்றை சிலிண்டர் எஞ்சின், 40 குதிரைத்திறன், 40 நியூட்டன் மீட்டர், 17 லிட்டர் டேங்க். எடை 196 கிலோ. எண்களை மட்டும் பார்த்தால், திறனில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான வண்டிக்கு ஒருவர் காசு கொடுத்து இறங்கி வருவது விசித்திரமாகத்தான் தோன்றும். ஆனால் இடையில் உள்ள 72 கிலோ, வளர்ந்த ஓர் ஆள் இறங்கவே இறங்காமல் பின்னால் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். அலுமினியப் பெட்டிகளை மாட்டினால் அவை காலியாக இருக்கும்போதே அந்த ஆள் இன்னும் கொஞ்சம் பருத்துவிடுகிறார்.

பெரிய வண்டியின் எடை ஓடும்போது தெரிவதில்லை. பாக்ஸர் எஞ்சினின் இரு சிலிண்டர்களும் தாழ்வாகப் பக்கவாட்டில் நீட்டியிருப்பதால் ஈர்ப்பு மையம் கீழே இறங்கிவிடுகிறது. நடைவேகத்தைத் தாண்டியதும் வண்டி சொன்னபடி கேட்கிறது. அந்தப் பொறியியல் மீது எனக்குள்ள மரியாதை சற்றும் குறையவில்லை. எடை தெரிவது நிறுத்தும்போதும், தள்ளும்போதும், திருப்பும்போதும்தான். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலைச்சரிவில் அடுக்கடுக்காக வீடுகள், கேட்டிலிருந்து கராஜ் வரை செங்குத்தாக இறங்கும் சிமெண்டுப் பாதை, டிசம்பர் மழையில் அதன்மேல் படரும் பாசி. அந்தப் பாதையில் 268 கிலோவைப் பின்னோக்கித் தள்ளி ஏற்ற யாராலும் ஆகாது. எஞ்சினை ஓட்டித்தான் ஏற்ற வேண்டும், அதற்கு வண்டியின் முகம் தெருவைப் பார்த்திருக்க வேண்டும், அதற்கு முந்தைய இரவே, களைத்து வந்த நேரத்தில், கராஜுக்குள் அதை முன்னும் பின்னுமாக நகர்த்தித் திருப்பியிருக்க வேண்டும். ஹிமாலயனை நான் இடது கையால் ஹேண்டில்பாரையும் வலது கையால் பின்கம்பியையும் பிடித்து, சைடு ஸ்டாண்டின்மேல் லேசாகச் சாய்த்தே திருப்பிவிடுகிறேன்.

பெட்ரோல் பங்கிலும் இதே கதை. தென்னாப்பிரிக்காவில் பெட்ரோலை நாமே போட்டுக்கொள்ளும் வழக்கம் இல்லை. ஊழியர் போடுவார், நாம் பெரும்பாலும் இறங்காமல் வண்டியை நிமிர்த்திப் பிடித்திருப்போம். 30 லிட்டர் பெட்ரோல் மட்டுமே 22 கிலோ வரும், அதுவும் வண்டியின் உச்சியில் போய்ச் சேரும் 22 கிலோ. பெரிய வண்டியின் இருக்கை உயரம் 890 மில்லிமீட்டர். என் உயரத்துக்கு இரு பாதங்களின் முன்பகுதி மட்டுமே தரையைத் தொடும். எண்ணெய் சிந்திய தளத்தில் அப்படி நிற்பது சுகமான அனுபவம் இல்லை. ஹிமாலயனின் இருக்கை 825-இல் தொடங்குகிறது, இடுப்பும் ஒடுக்கமானது, இரண்டு பாதங்களும் முழுதாகப் பதிகின்றன. ஷோரூமில் யாரும் பெரிதாகச் சொல்லாத இந்த அம்சத்தைத்தான் நான் முதல் இடத்தில் வைப்பேன்.

சாலைக்கு வருவோம். டர்பனில் பைக் வைத்திருப்பவர்கள் ஞாயிறு காலையில் ஏறும் பழைய மெயின் ரோடு, ஹில்கிரெஸ்ட், போத்தாஸ் ஹில், டிரம்மண்ட் வழியாக ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கை ஒட்டிச் செல்கிறது. காம்ரேட்ஸ் மராத்தான்காரர்கள் மூச்சிரைக்க ஓடும் அதே சாலை. இங்கே வேகம் மணிக்கு 60, 80 கிலோமீட்டரைத் தாண்டுவது அரிது. 136 குதிரைத்திறனில் பெரும்பகுதிக்கு இங்கே வேலையே இல்லை; ஹிமாலயனோ மூன்றாம் கியரில், நிமிடத்துக்கு 3000 சுற்றுகளைத் தாண்டியதும் நன்றாக இழுக்கிறது. அதற்குக் கீழே கொஞ்சம் சோம்பல் உண்டு, கிளட்சைத் தொட்டு எழுப்ப வேண்டும். எந்த கியரிலும் எந்தச் சுற்றிலும் தயங்காத பாக்ஸரிலிருந்து வருபவர் இதற்குப் பழகச் சில வாரங்கள் ஆகும். 21 அங்குல முன்சக்கரம் வளைவுக்குள் இறங்க ஒரு கணம் யோசிக்கும். இறங்கியபின் உறுதியாக நிற்கும். ஹில்கிரெஸ்ட்டிலிருந்து இனாண்டா அணைக்கு இறங்கும் கொண்டை ஊசி வளைவுகளில், கீழ்நோக்கிய பாதையில், எடைக் குறைவின் பயனை உடல் உடனே உணர்கிறது: பிரேக்கும் தோளும் தாங்கிப் பிடிக்க வேண்டிய சுமை குறைவு. பிரேக்கின் தரத்தில் மட்டும் ஒப்பீடு கிடையாது. முன்சக்கரத்தில் ஒரே டிஸ்க் உள்ள இவ்வண்டி போதுமான அளவு நிற்கிறது. இரட்டை டிஸ்க் உள்ள பெரிய வண்டி இரண்டு விரலுக்கே அடங்கி நிற்கும்.

மண் சாலையில்தான் இந்த மாற்றம் தன் விலையைத் திருப்பித் தருகிறது. டோங்காட், ஸ்டேங்கர் பக்கம் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் செம்மண் தடங்களும், நாட்டிங்ஹாம் ரோட்டிலிருந்து லோத்தேனி பக்கமாக ஹிமெவில் நோக்கி டிராக்கன்ஸ்பெர்க் மலையடிவாரத்தில் செல்லும் சரளைப் பாதையும், பெரிய வண்டி இருந்தபோது எனக்கு வரைபடத்தில் மட்டுமே இருந்தவை. போக முடியாது என்பதில்லை. அந்த வண்டியில் அங்கெல்லாம் பறப்பவர்கள் இருக்கிறார்கள், சானி பாஸ் ஏறி லெசோத்தோவின் 2800 மீட்டர் உயரத்தில் தேநீர் குடித்துவிட்டு இறங்குபவர்களும் இருக்கிறார்கள், அவர்களுடைய தோள்கள் என்னுடையவை அல்ல. துணையில்லாமல் தனியே போகும்போது வண்டி சாய்ந்தால் தூக்க முடியுமா என்ற கேள்வி, ஒவ்வொரு மண் பாதையின் தொடக்கத்திலும் என்னைத் திருப்பி அனுப்பியது. 196 கிலோவும் லேசானதன்று என்பதைச் சொல்லியாக வேண்டும். முதுகை இருக்கைக்குக் கொடுத்து, முழங்காலை மடக்கி, கால்களால் உந்தி எழுப்பும் முறையில் அதைத் தனியே தூக்கலாம். தூக்கியபின் பத்து நிமிடம் உட்கார வேண்டும், அவ்வளவுதான். லாரிகள் ஓடி ஓடி அலையலையாக மடிந்துபோன சரளையில், 43 மில்லிமீட்டர் ஷோவா முன்ஃபோர்க்கும் 200 மில்லிமீட்டர் அசைவுத் தூரமும் பற்கள் கிடுகிடுக்காமல் காப்பாற்றுகின்றன. முன்ஃபோர்க்கில் திருகிச் சரிசெய்ய எதுவும் இல்லை, பின்னால் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மட்டும் மாற்றலாம். பொத்தானை அழுத்தினால் தானே இறுகித் தளரும் மின்னணு சஸ்பென்ஷனிலிருந்து வருபவருக்கு இது பின்வாங்கல்தான். பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.ஸைப் பின்சக்கரத்துக்கு மட்டும் அணைத்து வைக்க முடிவது மண்ணில் உண்மையிலேயே பயன்படுகிறது.

இனி என்3 நெடுஞ்சாலை. டர்பனிலிருந்து ஜோஹானஸ்பர்க் ஏறத்தாழ 570 கிலோமீட்டர். வேக வரம்பு 120. இரவும் பகலும் துறைமுகச் சரக்கு லாரிகளின் வரிசை. ஹிமாலயன் 120-ஐப் பிடித்து நிற்கும், ஆனால் அதற்குமேல் கையிருப்பு சொற்பம். கடல்மட்டத்திலிருந்து புறப்பட்டு வான் ரீனன் கணவாயில் 1680 மீட்டரை எட்டும்போது காற்றின் அடர்த்தி குறைந்து, டர்போ இல்லாத எந்த எஞ்சினும் தன் திறனில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை இழக்கிறது. உள்நாட்டு பங்குகளில் 93 ஆக்டேன் பெட்ரோல் விற்கப்படுவதற்கும் இதே மெல்லிய காற்றுதான் காரணம். இழப்பு இருவருக்கும் சமம், மிச்சம் சமமன்று: ஜி.எஸ்.ஸிடம் அப்போதும் நூற்றுக்குமேல் குதிரைத்திறன் இருக்கும், ஹிமாலயனிடம் முப்பத்து மூன்றோ நான்கோ இருக்கும். ஏற்றத்தில், எதிர்க்காற்றில், முன்னால் இரட்டை டிரெய்லர் லாரி ஊர்ந்துகொண்டிருக்கையில், பெரிய வண்டியில் மணிக்கட்டைத் திருப்பினாலே முடிந்துபோகும் ஓவர்டேக், இதில் இரண்டு கியர் இறக்கி, கண்ணாடியை இருமுறை பார்த்து, திட்டமிட்டுச் செய்ய வேண்டிய காரியமாகிறது. கணவாயின் குறுக்குக் காற்று லேசான வண்டியைக் கூடுதலாக அசைக்கும். குரூஸ் கண்ட்ரோல் இல்லை, கைப்பிடிச் சூடு இல்லை. இங்கே குளிர்காலமான ஜூலை மாத விடியலில் மூயி ரிவர் பக்கம் புல்லெல்லாம் உறைபனியாக வெளுத்திருக்கும்போது கைப்பிடிச் சூட்டின் அருமை விரல்களுக்குப் புரியும். அதை வெளியில் வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். 96 குதிரைத்திறனை எங்கும் வாங்க முடியாது.

பின்னிருக்கையைப் பற்றி என் மனைவியின் தீர்ப்பையே தருகிறேன், ஏனெனில் அங்கே உட்காருபவர் அவர்தான். "ஹௌவிக் வரைக்கும் சரிங்க, அதுக்கு மேல கார்லயே போயிடலாம்." பெரிய வண்டியின் பின்னிருக்கை அகலமானது, சாய்ந்துகொள்ளப் பின்பெட்டி உண்டு, இரண்டு சிலிண்டர்களின் ஓட்டம் சீரானது. ஹிமாலயனின் பின்னிருக்கை இந்த விலைக்குக் குறைசொல்ல முடியாதது. நெடுஞ்சாலை வேகத்தில் ஒற்றை சிலிண்டரின் அதிர்வு கால்மிதி வழியாக ஏறுவதை மட்டும் மறைக்க முடியாது. எப்போதும் இருவராகப் பயணம் செய்பவர்கள் வாங்கும் முன் மனைவியையோ கணவரையோ பின்னால் ஏற்றி ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும்.

பராமரிப்பில் வேலை கூடுகிறது, செலவு குறைகிறது. ஜி.எஸ்.ஸில் செயினுக்குப் பதிலாகப் பின்சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டை நாம் நினைத்தே பார்ப்பதில்லை. ஹிமாலயனின் செயினை ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் விட வேண்டும், செம்மண் சாலைக்குப் பிறகு உடனேயே செய்ய வேண்டும். டர்பனின் உப்புக்காற்று செயினுக்கும் ஸ்போக்குக்கும் பகை என்பதால் ஊரில் சும்மா நின்றாலும் அதைக் கவனிக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டு இல்லாமல் இந்த வேலை தொல்லை. வண்டியோடு அது வராவிட்டால் முதல் துணைக்கருவியாக அதையே வாங்குவது நல்லது. என் வண்டியின் டயர்கள் ட்யூப் உள்ளவை. பெரிய வண்டியின் ட்யூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் ரப்பர் திரியைச் செருகிவிட்டுப் போகலாம். இதில் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். சரளைப் பாதைக்கென்று வண்டி வாங்குபவர்கள் ட்யூப்லெஸ் ஸ்போக் சக்கரங்களுக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தயங்க வேண்டாம். அலுமினியப் பெட்டிகளை நான் மறுபடி வாங்கவில்லை. துணிப் பைகள் போதும், எடை குறைத்ததன் பயனைப் பெட்டியில் தொலைப்பதில் அர்த்தமில்லை.

பணக் கணக்கு சுருக்கமானது. புதிய ஹிமாலயனின் விலை புதிய ஜி.எஸ். அட்வென்ச்சரின் விலையில் பாதியைக்கூட நெருங்காது. காப்பீடும் டயரும் அதற்கேற்பக் குறையும். லிட்டருக்கு 27, 28 கிலோமீட்டர் வரை தருவதால், டேங்க் பெரிய வண்டியுடையதில் பாதிக்குச் சற்றே மேல்தான் என்றாலும் 400 கிலோமீட்டரைத் தாண்டலாம். உரிமத்திலும் சுங்கத்திலும் மாற்றமில்லை: 125 சி.சி.க்கு மேற்பட்ட எதற்கும் அதே ஏ வகை உரிமம், சுங்கச் சாவடியில் இரண்டுக்கும் காரின் கட்டணமே. வட்டமான நான்கு அங்குலத் திரையில் கூகுள் வரைபடம் தெரிவது வசதி, கைப்பேசியின் பேட்டரி அதற்கு விலை. இன்னொன்றும் உண்டு, மதிப்பெண் கொடுக்க முடியாதது: ஜி.எஸ். பெர்லினில் உருவாவது, ஹிமாலயன் சென்னைக்கு அருகே உருவாவது. கோயில் வாசலில் ஒரு தாத்தா, "எங்க செஞ்ச வண்டி தம்பி?" என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் டேங்கை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஜெர்மன் வண்டியை அவர் ஒருநாளும் தொட்டதில்லை.

வாங்க நினைப்பவர்கள் ஷோரூமின் சமதளத்தில் உட்கார்ந்து பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அங்கே எல்லா வண்டியும் லேசுதான். டேங்கை நிரப்பச் சொல்லுங்கள், உங்கள் வீட்டுச் சரிவுக்குக் கொண்டுவந்து எஞ்சினை அணைத்துப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். பிறகு என்3-இல் மரியன்ஹில் சுங்கச்சாவடியைத் தாண்டி ஏற்றத்தில் ஒரு லாரியைக் கடந்து பாருங்கள். முதல் சோதனையில் உங்கள் பழைய வண்டி தோற்று, இரண்டாவதில் ஹிமாலயன் உங்கள் பொறுமைக்குள் அடங்கினால், மாறலாம். இரண்டாவதில் எரிச்சல் வந்தால் பெரிய வண்டியையே வைத்துக்கொண்டு, அதன் அலுமினியப் பெட்டிகளைக் கழற்றி விற்றுவிடுங்கள்.