தண்டவாளமா, தோட்டப் பாதையா?

இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே தேயிலைத் தோட்ட லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பள்ளிக்கோ கடைக்கோ போக இரண்டு வழிகள்: தண்டவாளம் நேராக ஓடுகிறது, தோட்டப் பாதை மலையைச் சுற்றுகிறது.

தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றமே. 1902ஆம் ஆண்டின் புகையிரதக் கட்டளைச் சட்டம் அதை அத்துமீறலாகக் கருதுகிறது. "எல்லவில் ஒன்பது வளைவு ரயில் பாலத்தில் வெள்ளைக்காரர்கள் நடக்கிறார்களே" என்பார்கள். கூட்டம் நடப்பதால் குற்றம் அனுமதியாகிவிடாது. சட்டத்தைவிட எனக்குப் பெரிய பயம் பனிமூட்டம்தான். இறக்கத்தில் வரும் ரயில் அதிகம் இரையாது. வளைவு திரும்பும்போதுதான் தெரியும். இந்த வழியிலுள்ள சிங்கமலை ரயில் சுரங்கத்துக்குள் ஒதுங்க இடம் தேடி ஓடும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு நடக்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது.

தோட்டப் பாதை வேறு. 1992 முதல் பல தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருக்கின்றன. ஆனாலும் தலைமுறைகளாக நடந்துவரும் பாதையில் நடப்பவரை யாரும் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. உண்மைதான், பாதை மழையில் சறுக்கும், அட்டை ஏறும், நேரமும் கூடும்.

இருந்தாலும் என் தெரிவு தோட்டப் பாதை. அவசரம் என்றால் பத்து நிமிடம் முன்னதாகவே கிளம்புங்கள். பிள்ளைகளுக்கும் அதையே பழக்குங்கள்.